ஏழு பெண்கள் இருந்த வீட்டில் ஒரு கேப்டன்

போன சனிக்கிழமை மத்தியானம். சமையல் வேலையை முடித்து, பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, அப்பாடா என்று கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் என் சின்ன நாத்தனார்! அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு மணி நேர பஸ் பிரயாணம்தான். ஆனாலும் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவள் இல்லை அவள். ஒரு கையில் முந்திரிப் பருப்புப் பொட்டலம். இன்னொரு கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். முகம் உம்மென்று இருந்தது. பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு அவள் மகள்.

“அண்ணி, இவளுக்கு நீங்கதான் நல்ல புத்தி சொல்லணும். நாங்க சொன்னா ஏற மாட்டேங்குது” என்று உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

காகிதத்தை வாங்கிப் பிரித்தேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சம்மதக் கடிதம். எட்டாம் வகுப்புப் படிக்கிற இந்தப் பெண்ணைக் கிரிக்கெட் அணித் தேர்வுக்கு அனுப்ப வேண்டுமாம். திருச்சியில் இரண்டு ராத்திரி தங்கல். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

“நல்ல சமாசாரம்தானே! இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?” என்றேன்.

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டாள். பெரிய மனுஷியாகி ஒரு வருஷம் ஆகிறது. வெயிலில் நின்று கறுத்துப் போகிறாள். அந்த மூன்று நாளிலும் ஓடுகிறாள், குதிக்கிறாள். நாளைக்குக் கர்ப்பப்பைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பந்து பட்டு முகத்தில் வடு விழுந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? மாமியார் வேறு, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி மட்டையும் பந்தும்?” என்று காலையும் மாலையும் பாட்டுப் பாடுகிறாராம். பையன்களோடு தெருவில் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு ஆடினபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதிக் கேட்டதும்தான் வீடே கூடிப் பேசுகிறது!

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும் சகோதரிகளே. கிரிக்கெட் இல்லாவிட்டால் கபடி, கபடி இல்லாவிட்டால் ஓட்டப் பந்தயம்.

எனக்கு மட்டும் கிரிக்கெட் என்ன தெரியும்? என் வீட்டுக்காரர் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தால், நான் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பேன். எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை, பாருங்கள். ஆனால் 2025 நவம்பர் 2-ம் தேதி ராத்திரி, நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கினார்களே, அன்றைக்கு வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயத்தினால் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்! அதற்கப்புறம்தான் எனக்கு ஓர் ஆசை வந்தது. இந்தப் பெண்களுக்கு முன்னால் ஆடினவர்கள் யார்? முதன்முதலில் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினது எந்த வீட்டுப் பெண்? தேடிப் படித்தேன். அதைத்தான் காபி கலந்து கொடுத்துவிட்டு நாத்தனாருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சாந்தா ரங்கசாமி என்று பேர். 1954-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி சென்னையில் பிறந்தவர், பெங்களூரில் வளர்ந்தவர். வீட்டில் ஏழு பெண்கள். ஏழு! கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகினவர். சாப்ட்பால் என்று ஒரு ஆட்டம் இருக்கிறதே, அதிலும் கெட்டிக்காரர். ஒரு பெண்ணைக் கரையேற்றவே மூச்சு முட்டுகிறது என்கிறோம். ஏழு பெண்களை வைத்துக்கொண்டிருந்த அந்தத் தாயார், ஒருத்தியின் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கி அடுப்பில் வைக்கவில்லை, பாருங்கள்!

அந்தக் காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டுக்கு ஒரு சங்கமே கிடையாது. 1973-ல்தான் லக்னோவில் மகேந்திர குமார் சர்மா என்பவர் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவு செய்தார். அதற்கு முன்னால் அவர் ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, பெண் பிள்ளைகளின் கிரிக்கெட் நடக்கப் போகிறது, வந்து பாருங்கள் என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டே போனாராம். நம் ஊரில் சினிமாவுக்கும் சர்க்கஸுக்கும் வண்டி வருமே, அந்த மாதிரி! அந்த வருஷமே புனேயில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு வந்தவை மூன்றே அணிகள். வருஷக் கடைசியில் பம்பாயில் நடந்தபோது எட்டு. அதற்கடுத்து கல்கத்தாவில் பதினாலு. பெண்கள் எங்கே வரப் போகிறார்கள் என்றவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆண்களின் முதல் உலகக் கோப்பை 1975-ல். பெண்களுடையது 1973-லேயே இங்கிலாந்தில் நடந்துவிட்டது. நம் வீட்டு ஆண்பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பவே மாட்டார்கள். என் வீட்டுக்காரர் நம்பவில்லை.

1975-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து 25 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி வந்து மூன்று ஊர்களில் ஆடியது. நம் தரப்பில் ஊருக்கு ஒரு கேப்டன். அதில் டெல்லியில் அணியை நடத்தினவர் தமிழ்நாட்டுக்காக ஆடிய சுதா ஷா. 1958-ல் பிறந்தவர் என்றால் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! நம் வீட்டில் அந்த வயசுப் பெண்ணைக் கடைக்குத் தனியாக அனுப்பவே யோசிக்கிறோம்.

மறு வருஷம், 1976 அக்டோபர் 31. பெங்களூரில் இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட் ஆட்டம். எதிரில் வெஸ்ட் இண்டீஸ். கேப்டன் நம் சாந்தா. வயது 22. ஆறு டெஸ்ட் கொண்ட தொடர் அது. இரண்டாவது சென்னையில் நடந்தது. நாலாவது பாட்னாவில். அங்கே ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் நம் பெண்கள் ஜெயித்தார்கள். முதல் டெஸ்ட் வெற்றி! ஆண்கள் அணி 1932-ல் முதல் டெஸ்ட் ஆடி, முதல் வெற்றியைப் பார்க்க 1952 வரை, இருபது வருஷம் காத்திருந்தது. பெண்களுக்கு மூன்று வாரம் போதுமாயிருந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து 1977 ஜனவரியில் நியூஸிலாந்தின் டனேடின் நகரத்தில் சாந்தா 108 ரன் அடித்தார். டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியப் பெண் ஒருத்தி போட்ட முதல் சதம். அர்ஜுனா விருது வாங்கின முதல் கிரிக்கெட் வீராங்கனையும் அவரே. அது 1976-ம் வருஷத்து விருது.

இந்த இடத்தில் என் நாத்தனார், “பெங்களூர்ல இருந்தா அப்படி. வசதி இருந்திருக்கும்” என்றாள்.

வசதியா? கேளுங்கள். இந்த அணிக்கு அரசாங்கத்தின் பெரிய பணமோ, ஆண்கள் கிரிக்கெட் வாரியத்தின் பணமோ கிடையாது. ஆடினதற்குச் சம்பளமும் கிடையாது. ஊர் ஊராகப் போனது ரயிலில், முன்பதிவு இல்லாத பெட்டியில். பெரம்பலூருக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. ரயில் ஏற அரியலூருக்கோ திருச்சிக்கோதான் நாங்கள் போக வேண்டும். அதனால் அந்தப் பெட்டி என்றால் என்னவென்று அரியலூர்க்காரியான என் நாத்தனாருக்கு நன்றாகவே தெரியும். பண்டிகை முடிந்த மறுநாள் சென்னை வண்டி வந்து நிற்கும்போது கைக்குழந்தைக்காரிகள் படுகிற பாட்டை அவள் பார்த்திருக்கிறாள். அதிலே கிரிக்கெட் சாமான் மூட்டையையும் படுக்கைச் சுருணையையும் முதுகில் தூக்கிக்கொண்டு பதினைந்து பெண்கள் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கூட்டமாக ஒரே ஹாலில், தரையில் படுக்கை.

மட்டைக்கும் தட்டுப்பாடு. நூதன் கவாஸ்கர் என்று, சுனில் கவாஸ்கரின் தங்கை. அவரும் கிரிக்கெட் ஆடினவர். அவர் சொன்ன விஷயம் இது. அணிக்கே மூன்று மட்டைகள்தான் இருக்குமாம். முதலில் இறங்குகிற இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்று, மூன்றாவதாக வருகிறவருக்கு ஒன்று. ஒருத்தி அவுட்டாகி வெளியே வந்தால், அவளுடைய மட்டையையும் கால் கட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டுதான் நாலாவது ஆள் போக வேண்டும். அக்கா பாவாடையைத் தங்கை போட்டுக்கொள்வதைப் போலத்தான்.

1982 உலகக் கோப்பைக்கு நியூஸிலாந்து போக ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொண்டுவரச் சொன்னார்கள். அந்நாளையப் பத்தாயிரம்! நடுத்தரக் குடும்பத்தில் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கே அந்தப் பணத்தில் பாதி வேலை நடந்துவிடும். மகாராஷ்டிரத்துப் பெண்கள் சிலர் முதல் மந்திரியையே போய்ப் பார்த்து உதவி கேட்டார்கள். அந்த அணிக்கும் சாந்தாதான் கேப்டன். விக்கெட் கீப்பர் நம் சென்னைப் பெண் ஃபவ்ஸியா கலீலி.

இதையெல்லாம் நாம் இப்போது பெருமையாகச் சொல்கிறோம். எனக்கென்னவோ, அந்தப் பெண்கள் தரையில் படுத்ததில் அவர்களுக்குப் பெருமை இருக்கலாம். படுக்க வைத்தவர்களுக்கு ஒரு பெருமையும் இல்லை.

எல்லாவற்றையும்விட என் மனசில் தைத்தது வேறு. டனேடினில் சதம் அடித்தபோது சாந்தாவுக்கு 23 வயது. அந்த மாதமே ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ஒரு டெஸ்ட் ஆடினார்கள். அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 1984-ல்! ஏழு வருஷம் இந்தியப் பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டமே ஏற்பாடாகவில்லை. நடுவில் இரண்டு உலகக் கோப்பைகளில் ஒரு நாள் ஆட்டங்கள் மட்டும். ஏழு வருஷம் என்றால் ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசி, இரண்டாம் வகுப்புக்குப் போகிற காலம். கையும் காலும் நன்றாக ஓடுகிற 23-லிருந்து 30 வரைக்கும், ஒரு ஆட்டக்காரிக்கு அதுதானே அறுவடைக் காலம்? பருத்தி வெடித்து நிற்கும்போது எடுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள்.

அவர் என்ன செய்தார்? உள்ளூர்ப் போட்டிகளில் ஆடினார். உத்தியோகம் பார்த்தார். கனரா வங்கியில் வேலை; படிப்படியாக உயர்ந்து ஜெனரல் மேனேஜர் வரைக்கும் வந்தார். 1984-ல் டெஸ்ட் திரும்ப வந்தபோது அவரும் வந்தார். 1988 உலகக் கோப்பையில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. கடைசி டெஸ்ட் 1991 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில். அப்போது 37 வயது. பதினைந்து வருஷத்தில் மொத்தம் 16 டெஸ்ட், அதில் 12-க்குக் கேப்டன். 750 ரன், 21 விக்கெட். இப்போதைய ஆண் ஆட்டக்காரர் இரண்டு வருஷத்தில் அத்தனை டெஸ்ட் ஆடிவிடுகிறார்.

“அப்புறம் என்ன கிடைச்சுது அவங்களுக்கு?” நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்வி.

உடனே ஒன்றும் கிடைக்கவில்லை. பெண்கள் கிரிக்கெட் சங்கம் 2006-ல்தான் ஆண்களின் வாரியத்தோடு இணைந்தது. அதற்கு முந்தின வருஷம் தென்னாப்பிரிக்காவில் நம் பெண்கள் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரை போனார்கள். பயிற்சியாளர், முன்னே சொன்னேனே, அதே சுதா ஷா. அந்த அணியின் கேப்டன் மிதாலி ராஜ் பின்னால் சொல்லியிருக்கிறார்: ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய், எட்டு ஆட்டத்துக்கு எட்டாயிரம். அவ்வளவுதான் கையில் வந்தது. 2017-ல் கிரிக்கெட் வாரியம் வாழ்நாள் சாதனை விருதை முதன்முறையாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது, அது சாந்தாவுக்கு. 2022-ல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டக் கூலி என்று வந்தது. ஒரு டெஸ்டுக்குப் பதினைந்து லட்சம். 2025-ல் கோப்பையைக் கொண்டுவந்த பெண்களின் அணிக்கு வாரியம் அறிவித்தது 51 கோடி. எட்டாயிரத்துக்கும் 51 கோடிக்கும் நடுவே இருபதே வருஷம். மதுரைப் பெண் கமலினியை, பதினாறு வயதில், பெண்களுக்கான லீக் ஏலத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேலே கொடுத்து எடுத்தார்கள். மருமகளின் கண் இதைக் கேட்டதும்தான் முதல் தடவையாக விரிந்தது. “எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காதுடி, ரொம்பப் பறக்காதே” என்று ஒரு அதட்டலும் போட்டேன். உண்மைதானே? நூறு பேர் ஆடினால் ஒருத்திக்குத்தான் ஏலம். மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு நல்ல உடம்பும் தைரியமும். அது என்ன சும்மாவா?

குழந்தை பெறுவதைப் பற்றிப் பயந்தாளே, அதற்கு ஒரு கதை சொன்னேன். சாந்தாவோடு முதல் டெஸ்ட் தொடரில் பந்து வீசினவர்களில் ஒருவர் சூசன் இட்டிசேரியா. தமிழ்நாட்டுக்கு ஆடினவர், வேகப் பந்து வீச்சுக்காரர். அவருக்குப் பிற்பாடு ஒரு பெண் பிறந்தாள். அந்தப் பெண்தான் ஸ்குவாஷ் ஆட்டத்தில் பேர் வாங்கிய தீபிகா பல்லிக்கல். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் போன முதல் இந்தியப் பெண். ஆண்களுக்கு ஒரு பரிசுத் தொகை, பெண்களுக்குக் குறைவாக ஒன்று என்பதால் சில வருஷம் தேசியப் போட்டிக்கே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்; சமமாக ஆக்கின பிறகு 2016-ல் திரும்பிப் போய் ஆடினாள். தாயார் மூன்று மட்டைக் காலத்து ஆள். மகள் சரி பாதி கொடு என்று கேட்கிற ஆள்!

அந்தத் தீபிகாவுக்கு 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தை. 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக இரட்டையர் போட்டியில் இரண்டு தங்கம். ஆறே மாதம்! இளம் தாய்மார்களே, இதைப் படித்துவிட்டுப் பிரசவமான ஆறாம் மாதம் நீங்களும் குதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குப் பயிற்சியாளரும் பிசியோதெரபி நிபுணரும் கூடவே இருந்தார்கள். பாட்டியாகிய சூசனும் இருந்தார். ஆனால் பாட்டி, அம்மா, இரட்டைக் குழந்தை என்று மூன்று தலைமுறை கண் முன்னால் இருக்கும்போது, ஆடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டாக்டர்கள் சொல்வதும் அதுதான். மாதவிலக்கு நாளில் விளையாடுவதால் ஒரு கெடுதலும் இல்லை. சொல்லப் போனால், உடம்பை அசைத்தால் பலருக்கு வயிற்று வலி குறைகிறது. அதற்காக வலியில் சுருண்டு கிடக்கிறவளைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு ஓய்வு வேண்டும் என்றால் ஓய்வுதான். கவனிக்க வேண்டியது வேறு. உதிரப் போக்கு மிகுதியாக இருக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்த சோகை என்று அரசாங்கத்தின் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களையும் சேர்த்துத்தான்! ஆக, பெண்ணைப் பலவீனமாக்குவது மட்டையும் பந்தும் இல்லை, தட்டில் விழாத கீரைதான். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். உடனே டீ, காபி கூடாது. ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சை ரசமோ சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. அதிகமாக ஆடி, குறைவாகச் சாப்பிட்டால் சில பெண்களுக்கு மாதவிலக்கே நின்று போகும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆடுகிற பெண்ணுக்கு வயிறு நிறையச் சாப்பாடு வேண்டும். “இளைச்சாத்தான் அழகு” என்ற பேச்சே வீட்டில் எழக் கூடாது. ஆட்டத்துக்கு இரண்டு மணி முன்னால் நாலு இட்லியோ ஒரு சொம்பு கம்பங்கூழோ. முடிந்து வந்ததும் வேர்க்கடலை உருண்டை, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டை. நம் ஊர் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். காலையில் ஒன்பதுக்குள்ளும் சாயங்காலம் நாலரைக்கு மேலும் ஆடட்டும். மோரில் உப்புப் போட்டு ஒரு பாட்டில் கையில் கொடுத்தனுப்புங்கள். நன்றாகப் பிடித்து நிற்கிற உள்ளாடை இரண்டு வாங்கிக் கொடுங்கள். பாதி பெண்கள் ஆட்டத்தை விடுவது இந்தக் கூச்சத்தினால்தானோ என்று எனக்குச் சந்தேகம். வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். கறுத்துப் போவது பற்றி என்ன சொல்ல? நாற்று நடுகிற பெண்கள் கறுக்கவில்லையா, அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லையா?

எல்லாம் கேட்டுவிட்டு நாத்தனார் கொஞ்ச நேரம் பேசாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “அதெல்லாம் சரி அண்ணி. ரெண்டு ராத்திரி எங்க படுக்க வெப்பாங்க? அதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது” என்றாள்.

இதுதான் நிஜமான பயம். கறுப்பும் வடுவும் கர்ப்பப்பையும் மேலுக்குச் சொன்னவை. அன்றைக்குத் தரையில் படுத்த பெண்களின் அம்மாக்களும் இதைத்தானே நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்திருப்பார்கள்? இந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? பள்ளிக்கூடத்தில் அல்லவா கேட்க வேண்டும்! கூட வருவது டீச்சர் அம்மாவா, வெறும் ஆண் வாத்தியார் மட்டுமா? தங்குகிற இடம் எது, கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறதா? குளியலறை, கக்கூஸ் பெண்களுக்குத் தனியா? ராத்திரி பிள்ளையோடு பேச எந்த நம்பர்? இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அவளுக்குத் தயக்கம். “கேள். கோபித்துக்கொள்கிறவர்களோடு அனுப்ப வேண்டாம்” என்றேன். ஒரு வெள்ளைக் காகிதத்தில் இந்தக் கேள்விகளை எழுதிக் கையில் கொடுத்தேன். ஒரு கேள்விக்கும் ஒழுங்கான பதில் இல்லையென்றால் நானே அனுப்பாதே என்றுதான் சொல்வேன். அதுவும் சொன்னேன். மருமகளுக்கு என் மேல் அப்போது கொஞ்சம் வருத்தம்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர்களை ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்போது மருமகள் ஜன்னலிலிருந்து, “அத்தை, அந்த மூணு மட்டை நிஜமா?” என்று கத்தினாள். நிஜம்தான் என்று தலையாட்டினேன். பின்னால் நின்ற சிமென்ட் லாரியின் ஹாரனில் அவள் அடுத்துச் சொன்னது காதில் விழவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு போன் வந்தது. நாத்தனார்தான். பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிட்டாளாம். இரண்டு டீச்சர் அம்மாக்கள் கூடப் போகிறார்கள். தங்கும் விடுதியின் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்களாம். “உங்க தம்பி கையெழுத்துப் போட்டாரு அண்ணி. அது பக்கத்திலேயே நானும் போட்டேன்” என்றாள். என் வீட்டுக்காரருக்கு அவள் வீட்டுக்காரர் மாப்பிள்ளை, எனக்குத் தம்பி முறை. மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லையாம். அது தனிக் கதை.

“வேற ஒண்ணு அண்ணி. இவ ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்தா அந்த நீல மாத்திரை எட்டு இருக்கு! முழுங்கப் பயந்துக்கிட்டு ஒளிச்சு வெச்சிருக்கா. ஊருக்குப் போறதுக்குள்ள எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்துடவா?”

“ஐயையோ, வேண்டவே வேண்டாம்! வாரத்துக்கு ஒண்ணுதான். மிச்சத்தை டீச்சர்கிட்டே திருப்பிக் குடு. அதுவரைக்கும் உன் சின்னவன் கைக்கு எட்டாம உயரத்திலே வை. குழந்தைங்க மிட்டாய்னு நினைச்சு முழுங்கிட்டா ஆபத்து” என்று பதறிப் போய்ச் சொன்னேன். இரும்பு மாத்திரை சின்னக் குழந்தைகளுக்கு எவ்வளவு கெடுதல் என்பதை அடுத்த இதழில் விவரமாக எழுதுகிறேன். இப்போதே போய் உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.